பிடிபட்டு வந்தவர், தானாக வந்தவர்

கணவர் ஜோரி இறந்து ஏழாவது வாரம் ஏவரில் டோங்கின் வந்து கதவைத் தட்டியபோது, அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று தர்சாவுக்குத் தெரிந்துவிட்டது. நீல அட்டை நோட்டுக்காக.

நாலு வருடமாகப் புதன்கிழமைதோறும் ஜோரி பிளிமத் நூலகத்தின் மாடியறையில் தன் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். நதானியேல் காலக்காட், கோரிசாண்ட் என்ற பாய்மரப் போர்க்கப்பலில் மாலுமி. சண்டையில் செத்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். எந்தச் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கப்பலின் ஆள்பதிவேடுகளைப் படம்பிடித்த சுருள்களை லண்டனிலிருந்து வரவழைத்து, திரையில் வரி வரியாகப் படித்து ஜோரி நோட்டில் எழுதுவார். பக்கத்து நாற்காலியில் ஏவரில். புதன்கிழமைக்கென்று ஜோரியிடம் ஒரு நல்ல சட்டை இருந்தது. செவ்வாய்க்கிழமை அதை இஸ்திரி போட்டது தர்சா.

உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறக்கவில்லை.

"மிஸஸ் காலக்காட், வெள்ளிக்கிழமை சுருள் திரும்பிப் போகுது. ஜோரி எந்த வரியில விட்டார்னு நோட்டுல இருக்கும். இன்னும் ரெண்டே பதிவேடுதான். கொடுத்தீங்கன்னா முடிச்சிடுவேன்."

"அவர் ஜோரி. நான் மிஸஸ் காலக்காட்."

ஏவரிலுக்கு முகம் சிவந்தது. "நீங்க சொன்னா தர்சான்னே கூப்பிடுறேன்."

"நான் சொல்லலையே."

இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து ஏவரில் முன்னால் வைத்தாள். "முதல்ல இதப் படிங்க. அப்புறம் கொடுக்கறதப் பத்திப் பேசலாம்."

கப்பல் பதிவேட்டில் இருப்பது போலவே கட்டம் போட்டு ஜோரி விளையாட்டாக எழுதியிருந்தார். மேலே 'புதன் மேசை ஆள்பதிவு' என்று தலைப்பு. கீழே மூன்று பெயர்கள்; நடுவில் இருந்த சிரில், அதே மேசைக்கு வந்துகொண்டிருந்து முன்பே இறந்துபோன முதியவர்.

ஏவரில் டோங்கின்: தானாக வந்தவர்.
சிரில் ஹன்னஃபோர்ட்: தானாக வந்தவர். இறந்து நீங்கினார்.
தர்சா காலக்காட்: பிடிபட்டு வந்தவர். ஓடிப்போனார்.

அந்தக் காலத்தில் கடற்படைக்கு ஆள் போதாவிட்டால் தெருவில் புகுந்து பிடித்துக்கொண்டு போவார்கள், கப்பலை விட்டுத் தப்பியவனை ஓடிப்போனவன் என்று பதிவேட்டில் எழுதுவார்கள் என்பது தர்சாவுக்கும் தெரியும். துறைமுக ஊரில் பிறந்தவள். அடக்கம் முடிந்த மறுவாரம் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து நாளுக்கொரு தடவையாவது எடுத்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் சமைச்சுப் போட்டவ வேண்டாவெறுப்பா வந்தவ. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்தவ ஆசைப்பட்டு வந்தவ. போதாததுக்கு ஓடிப்போனவன்னு வேற. நான் எங்க ஓடினேன்? அடுப்புல கேக் இருக்குன்னு வீட்டுக்குத்தான் வந்தேன்."

ஏவரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். "அன்னிக்கு நூலகத்துல முக்கால் மணி நேரம் இருந்தீங்க. கோட்டக்கூடக் கழட்டல. நீங்க படியிறங்கினதும் எழுதினார்."

"ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சிருப்பீங்க."

"அவர் சிரிச்சார். நான் சிரிக்கல."

ஏவரில் கோப்பையை மேசைமேல் மெல்லச் சுற்றினாள். "அந்தக் காலத்துல யாரப் பிடிப்பாங்க தெரியுமா? வழியில போறவன எல்லாம் இல்ல. கயிறும் பாயும் தெரிஞ்சவன, இவன் இல்லாட்டி கப்பல் நகராதுங்கிறவனத் தேடிப்போய்ப் பிடிப்பாங்க. தானா வர்றவன யார் தேடுவாங்க? வந்தியா, சரி, அந்த ஓரமா நில்லு. அவ்வளவுதான். உங்கள அவர் மூணு தடவ கூப்பிட்டார். என்னை யாரும் கூப்பிடல. பலகையில நோட்டீஸ் பாத்துட்டு நானாத்தான் வந்தேன்."

தர்சா தன் பெயர் இருந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"என் பேருக்கு நேரா கடகடன்னு எழுதிட்டார். உங்க பேர் வந்ததும் பேனாவ வெச்சிட்டு சன்னலயே பாத்துக்கிட்டு இருந்தார். எனக்கு வயிறெரிஞ்சுது, தர்சா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதைத் தர்சா கவனிக்கவில்லை. மூன்று தடவைதான். முதல் தடவை, துணி மடிக்க இருக்கிறது என்றாள். இரண்டாவது தடவை, செத்தவர்களோடு எனக்கென்ன வேலை என்றாள். மூன்றாவது தடவை போனாள். ஜோரி கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். ஊரார் பார்க்க இதென்ன கூத்து என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

ஏழு வாரமாகக் காய்ச்சிவைத்த கோபத்தை இனி எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. அது இறங்குவதற்குள் இன்னொன்று கிளம்பியது. பேனாவை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோரியை இவள் பார்த்திருக்கிறாள். தான் பார்க்கவில்லை.

நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குத் திறப்பாங்க?"

"ஒன்பதரைக்கு."

"எனக்கு அந்தப் பழைய கையெழுத்து படிக்க வராது. நீங்கதான் சொல்லித் தரணும்."

"சொல்லித் தரேன்."

"அவர் எங்க உக்காருவார்?"

"சன்னல் ஓரம். நான் வலப்பக்கம்."

"நாளைக்கு சன்னல் ஓரம் நான். நோட்டும் என்கிட்டதான் இருக்கும். நீங்க எதிர்ல உக்காருங்க."

ஏவரில் கொஞ்சம் யோசித்தாள். "எதிர்ல உக்காந்தா திரையோட முதுகுதான் தெரியும்."

தர்சாவும் யோசித்தாள்.

"அப்ப வலப்பக்கமே உக்காருங்க," என்றாள். "ஆனா நாற்காலிய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கணும்."