ஸ்டேஷன் காட்சிக்கு ஒரு வயலின்

வயலின்காரர் அன்று மத்தியானமே சட்டையை மாற்றிக்கொண்டுவிட்டார். படம் சாயங்காலம்தான். அதுவும் ஓடப்போவது அவர் வீட்டுக் கூடத்தில், அவர் வீட்டு டிவியில். ஆனாலும் சம்பந்தி வருகிறார். அவர் எதிரில் பனியனோடு உட்கார்ந்து தம் வாசிப்பைத் தாமே கேட்பது நன்றாக இராது.

அது ஓர் இந்திப் படம். கல்யாணத்துக்கு முன்பு, தண்ணீர் கேட்பதற்கு மேல் ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், அவர் வெளியூர் ஸ்டுடியோக்களில் வாசித்துத் திரிந்த காலத்தில் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயும்விட்டது. பாட்டுகளுக்காவது இசைத்தட்டு போட்டார்கள். பின்னணி இசைக்கு யார் போடுவார்கள்? அது படத்தோடு பெட்டிக்குள் போயிற்று. அந்தப் பின்னணியில்தான் இவருடைய தனி வயலின் இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பிரிவுக் காட்சி. அதற்கு அரை நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பிட்.

அந்த அரை நிமிஷத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு குடும்பமே நடத்தியிருந்தார் என்று சொல்லலாம். கல்யாணப் பேச்சு இழுபறியாக இருந்தபோது அதை வாசித்துக் காட்டித்தான் மனைவியின் மனதைப் பிடித்தார். மகள் பிறந்ததும் அது தாலாட்டாயிற்று. அவள் விடுதிக்குப் போனபோதும், கல்யாணமாகிப் போனபோதும், அவருக்கு வாயில் வார்த்தை வரவில்லை, அதைத்தான் முனகினார். நாளைக்கு அவள் கணவனோடு கடல் தாண்டிப் போகிறாள். மருமகன் இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

"இவ கேட்டதெல்லாம் என் முனகல்தான். போறதுக்குள்ள நிஜத்த ஒரு தடவ கேட்டுட்டா போதும்" என்று காலையிலிருந்து மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி நல்ல மனிதர். வாய்தான் சும்மா இருக்காது. சோபாவில் சாய்ந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயலின் எப்ப வரும் சம்பந்தி? முன்னாடியே சொல்லிடுங்க, நான் கண்ணாடியப் போட்டுக்கறேன்."

"வயலினக் கேக்க கண்ணாடி எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"ஒரு மரியாதைக்குத்தாம்மா."

ஸ்டேஷன் வந்தது. கதாநாயகி ரயிலேறினாள். கதாநாயகன் தூணோடு தூணாக நின்றான். "இதோ" என்று வயலின்காரர் கையை உயர்த்தினார். ரயில் கூவிற்று. சக்கரங்கள் தடதடத்தன. கடைசிப் பெட்டி மறைந்தது. வயலின் வரவில்லை.

உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் காதைச் சொறிந்துகொண்டார். "வெட்டிட்டாங்க போல."

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. படம் பாட்டுக்கு ஓடியது. அதே ஸ்டேஷன் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஒரு குண்டு குமாஸ்தா முதலாளியை வழியனுப்ப ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கும்பிட்டார். ரயில் நகர்ந்தது. தலை வெளியே வந்தது, டோப்பா வரவில்லை. அது ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு ரயிலோடு போயிற்று. குமாஸ்தா மொட்டைத் தலையோடு, நீட்டிய கையோடு, அது போவதையே பார்த்து நின்றார்.

அப்போது வயலின் எழுந்தது. அதே பிட்.

"போகாதேன்னு கூப்பிடறாரு பாருங்க, டோப்பாவ" என்று சம்பந்தி வெடித்துச் சிரித்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கப்போய்ப் புரையேறிவிட்டது.

"அப்பா, இதுக்கா..." என்று மகள் நிறுத்தினாள். அவள் சிரிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"வாசிக்கறப்போ படத்தப் பாத்திருப்பீங்களே மாமா?" என்றார் மருமகன்.

"எங்க மாப்பிள்ளை பாக்கறது? திரையப் பாக்கறது மியூசிக் டைரக்டர் ஒருத்தர்தான். நாங்க திரைக்கு முதுகக் காட்டிக்கிட்டு அவரப் பாத்து உக்காந்திருப்போம். ஸ்டேஷன், பிரிவு, அடிவயித்துலேந்து வாசின்னு பாதி சைகையிலயே சொன்னாரு. வாசிச்சேன். யாரு யாரப் பிரியறாங்கன்னு நான் கேக்கல." நாற்காலியிலிருந்து எழுந்தார். "இத்தன வருஷமா ஒரு டோப்பாவுக்காக உருகியிருக்கேன். போதும், அணைச்சிடுங்க."

எழுந்தவரை மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உக்காருங்க. மாப்பிள்ளை, அந்த இடத்துக்கே மறுபடி போங்க." சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். "நான் இத எந்தக் காலத்துல படம் பாத்துக் கேட்டேன், இப்ப பாக்கறதுக்கு? நீங்களும் திரும்புங்க."

மகள் தரையில் திரும்பி உட்கார்ந்து, அப்பாவையும் நாற்காலியோடு சேர்த்துத் திருப்பினாள்.

"நானுமா?" என்றார் சம்பந்தி.

"உங்களுக்கு டோப்பாவப் பாக்கணும்னா பாத்துக்குங்க."

"எனக்கெதுக்கும்மா." சோபாவைத் திருப்ப முடியாது. அதனால் அவர் அதன்மேலேயே மண்டியிட்டு, சுவரைப் பார்த்தபடி கைகட்டிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து வயலின் வந்தது. எடுத்த எடுப்பில் வில் லேசாக நடுங்கியதை வயலின்காரர் மட்டும் கவனித்தார். முதல் தனி வாசிப்பு. ரெக்கார்டிங் அன்று காலை ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தார். பிறகு நடுக்கம் போய், அந்த நாளைய இளைஞன் பயமில்லாமல் மேலே ஏறினான். கடைசிச் சுரம் நீண்டு, மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆகும்வரை நின்றது.

"இது தெரியாதே எனக்கு" என்றாள் மகள் மெல்ல. "நீங்க முனகறப்போ கடைசியில டக்குனு விட்டுடுவீங்க. நான் அவ்ளோதான்னு நெனச்சேன்."

"எனக்கு மூச்சு பத்தாதும்மா. வில்லுக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

அவள் திரும்பாமலே கணவனிடம் சொன்னாள். "அத மட்டும் என் போன்ல ஏத்திக் குடுங்க. படம் வேணாம், சத்தம் மட்டும்."

"எனக்குப் படத்தோட" என்றது சுவர்ப்பக்கமிருந்து ஒரு குரல்.

வயலின்காரருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மகளும் சேர்ந்துகொண்டாள்.