அடுப்பிடம் சொன்னது

தெருவே அவளை வாயில்லாப்பூச்சி என்றுதான் சொல்லும். கொத்தனார் பெண்டாட்டியா, பாவம் அது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது என்பார்கள். அவள் வாயைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? விறகடுப்பைக் கேட்டால் அல்லவா தெரியும்!

விறகு எரித்த காலத்தில் அவள் சமையலறைப் பக்கம் ஒருவரும் தலைகாட்ட மாட்டார்கள். ஈர விறகு கிளப்பும் புகையில் கண் எரியும், மூச்சு முட்டும். கொத்தனார் வாசலில் இருந்தே "சோறு ஆச்சா?" என்பான். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். இவள் ஊதுகுழலை எடுத்து ஒரு ஊது ஊதுவாள், புருஷனை ஒரு திட்டுத் திட்டுவாள். மறுபடி ஊதுவாள், மாமியாரைத் திட்டுவாள். விறகு படபடவென்று வெடிக்கிற சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. இருமிக்கொண்டே எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மறுபடி வாயில்லாப்பூச்சி.

கேஸ் அடுப்பு வந்தது. இருமல் போயிற்று. விறகு பொறுக்கக் காட்டுக்கு நடக்கிற நடையும் நின்றது. மத்தியானம் முழுசாகக் கையில் மிஞ்சியதில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு கஷ்டம்தான். புகை போனதும் வீடே சமையலறைக்குக் குடிவந்துவிட்டது. கொத்தனார் அடுப்புக்குப் பக்கத்திலேயே பலகை போட்டுச் சாப்பிட்டான். மாமியார் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு "உப்பு போட்டியா?" என்றாள். ஆற அமர உட்கார்ந்து திட்ட இடமில்லாமல், எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கட்டி நின்றது.

அதில் பெரிய கட்டி தையல் கூடம். கடைத்தெருவில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற இடம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தையல் பழகியவள். கூடத்து அக்கா, "மத்தியானம் வர முடியும்னா ஒரு மிஷின் சும்மா கெடக்கு. சீக்கிரம் சொல்லு, வேற ஆள் கேக்குறாங்க" என்று சொல்லியிருந்தாள். வீட்டில் எப்படிக் கேட்பது என்று இவள் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்த கொத்தனார் சொன்னான்: "உனக்குத்தான் இப்ப வேலையே இல்லையே. ரெண்டு ஆடு சொல்லி வச்சிருக்கேன், நாளைக்கு வந்துரும். மத்தியானத்துல மேய்ச்சிட்டு வா. சும்மாதானே உக்காந்திருக்கே."

அவள் பழக்கப்படி அடுப்புப் பக்கம் திரும்பிப் பருப்பைக் கிண்டினாள். பழக்கப்படியே வாயும் திறந்துகொண்டது.

"சும்மா உக்காந்திருக்கேனாம். ஆடு வாங்குறாராம், ஆடு. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? வெறகு சொமந்த கழுத்து இப்பதான் நிமிந்திருக்கு, அது பொறுக்கல. தையல் கூடத்துல மிஷினை வச்சுக்கிட்டுக் கூப்பிடுறாங்க. போகணும்னு உசிரு அடிச்சுக்குது. இந்த மனுஷன்கிட்ட சொல்றதுக்கு, அவர் கட்டுற செவுத்துகிட்டயே சொல்லலாம்."

சட்டென்று உறைத்தது. புகை இல்லை. விறகு வெடிக்கவில்லை. நெருப்பு நீலமாக, சாதுவாக எரிந்துகொண்டிருந்தது.

கொத்தனார் எடுத்த கவளத்தை வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தான். "இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே."

"சொன்னேன். அடுப்புகிட்ட." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எப்பலேர்ந்து?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து."

நிலைப்படியில் மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உங்கப்பாவை நான் அந்தப் புகைக்குள்ள திட்டாத திட்டாடா? பாவம், ஒண்ணும் காதுல விழாமலே போய்ச் சேந்துட்டாரு. உனக்காவது விழுந்துச்சே. ஆடு வேணும்னா நீயே மேய்." பிறகு மருமகளைப் பார்த்தாள். "என்னையும் திட்டியிருப்பே, இல்ல?"

"கொஞ்சம்தான் அத்தை."

ஆடு வரவில்லை. மறுநாள் மத்தியானம் அவள் தையல் கூடத்துக்குப் போனாள். மிஷின் மிதியில் கால் முதலில் தடுமாறியது, அப்புறம் தானாக ஓடியது. சாயங்காலம் திரும்பி வந்தபோது சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கொத்தனார் தன்னந்தனியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"சர்க்கரையை எங்க வச்சுத் தொலைச்சாளோ. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கு. பால் வேற பொங்குது. ஒரு டீக்கே இந்தப் பாடு. இதைப் புகைக்குள்ள உக்காந்து எப்படித்தான் செஞ்சாளோ, மகராசி."

சர்க்கரை டப்பா அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் சொல்லவில்லை. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் முழுசாகத் திட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.