சாய்ந்த கடல்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் வீராயிதான் அதை முதலில் சொன்னாள். அவள் மகன் புதிதாக வாங்கியிருந்த ஃபைபர் படகைப் படம் பிடித்துத் தரும்படி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபிநாத் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து, அடுத்த ஞாயிறு பிரின்ட் போட்டுக் கொண்டுவந்தான். வீராயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"படகு நல்லாத்தான் இருக்கு. கடலு ஏன் தம்பி இப்டி சாஞ்சி கெடக்கு? வலது பக்கமா கொட்டிடும் போலருக்கே."

"நேராத்தான் புடிச்சேன்க்கா."

"ஃபிரேம் போட்டு வூட்ல மாட்டணும். நேரா இருக்கற மாதிரி குடு" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கோபிநாத் முத்தியால்பேட்டையில் தண்ணீர் டேங்கின் பம்ப் ஆபரேட்டர். வயது ஐம்பத்தொன்று. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சின்ன கேமரா வாங்கினான். வார விடுமுறையில் கடற்கரைக்குப் போய்ப் படகு, வலை, நாய், உப்புக்காற்றில் உரிந்த சுவர் என்று கண்ணில் பட்டதை எடுப்பான். போட்டிக்கு அனுப்பியதில்லை, இணையத்திலும் போட்டதில்லை. மனைவி கலையரசியிடம் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவிடுவான். படங்கள் சாய்வது அவனுக்கும் தெரியும். கை பழகவில்லை என்று நினைத்திருந்தான். இப்போது ஒருத்தி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், நேராக்கித் தரும் ஒரு சாஃப்ட்வேரைத் தேடத் தொடங்கினான்.

கூட வேலை செய்யும் முத்துவேல் பெரிய பெயர் ஒன்றைச் சொன்னான். "எல்லா ஸ்டுடியோவுலயும் அதாண்ணே" என்றான். சில நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்றிருந்தது. திறந்தால் திரை முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தான்கள். பயிற்சி கொடுக்காமலேயே பெரிய பம்ப் ஹவுஸ் ஒன்றின் கன்ட்ரோல் பேனல் முன்னால் உட்கார வைத்ததுபோல் இருந்தது. படத்தைத் திருப்பும் இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் திறக்காது. மாதம் நாலு ஞாயிறு படம் எடுப்பவனுக்கு இது எதற்கு என்று நீக்கிவிட்டான்.

இரண்டாவது முழுக்க இலவசம். ஒரே அழுத்தில் கடல் நேரானது. கேட்காமலேயே வானத்தையும் அடர்நீலமாக்கி, படகுக்குப் பக்கத்தில் நின்ற வீராயியின் முகத்தை மாவு பூசியதுபோல் வெளுக்க வைத்தது. மூலையில் தன் பெயரையும் போட்டுக்கொண்டது. பழைய படமே இருக்கட்டும் என்று தேடினால், அதைக் காணோம். அதன் மேலேயே எழுதிவிட்டிருந்தது. கேமரா கார்டில் இன்னொரு பிரதி இருந்ததால் தப்பித்தான்.

மூன்றாவதற்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. முப்பது நாள் சும்மா உபயோகித்துப் பார்க்கலாம். பொத்தான்கள் ஏழெட்டுத்தான். அசல் படத்தைத் தொடாமல் தனியாக வைத்திருந்தது, என்ன மாற்றினோம் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டது. நேராக்கும் பொத்தானை அழுத்தினால் எத்தனை டிகிரி திருப்பியது என்று எண் காட்டியது. வீராயி படத்துக்கு ஆறு.

அந்த எண் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மீட்டர் பார்த்தே பழகியவன். ஆறு வருஷத்துக் கடல் படங்களையெல்லாம் எடுத்து அந்தப் பொத்தானிடம் கொடுத்துப் பார்த்தான். முதல் வருஷப் படங்களில் ஒன்று, ஒன்றரை. மூன்றாம் வருஷத்தில் மூன்று. இந்த வருஷம் ஐந்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஒரே பக்கம்.

கோபிநாத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். கை ஆட்டமென்றால் முள் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். இது ஒரே பக்கமாக, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டு போகிறது. அப்படி ஏறுவது எதுவாக இருந்தாலும் கழற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பது அவனுடைய வேலை அனுபவம்.

இன்னொன்றும் இருந்தது, யாரிடமும் சொல்லாதது. சில மாதங்களாக டேங்கிலிருந்து இறங்கும்போது படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவி இறங்கிக்கொண்டிருந்தான்.

அடுக்களைக்குப் போய்க் கலையரசியிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்தாள்.

"எத்தினி மாசமா?"

"நாலஞ்சு இருக்கும்."

"அவ்ளோ ஒசரத்துல ஏறி எறங்கறீங்க. ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, சின்ன விளக்கைக் காட்டிப் பார்த்தார். பிறகு தலையை வலது தோள் பக்கம் சாய்க்கச் சொன்னார். விளக்கு இரண்டானது. இடது பக்கம் சாய்க்கச் சொன்னார். ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"அதான் நீங்க தலைய எப்பவும் இடது பக்கம் சாச்சே வச்சிருக்கீங்க. கேமராவும் கூடவே சாயுது" என்றார். "இது புதுசா வந்துதா, ரொம்ப நாளா இருக்கான்னு எனக்குத் தெரியணும். புதுசுன்னா மூளைய ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். உங்க பழைய போட்டோ இருக்கா? சின்ன வயசுல எடுத்தது?"

கோபிநாத்தின் கம்ப்யூட்டரில் நாலாயிரம் படங்கள் இருந்தன. ஒன்றிலும் அவன் இல்லை.

அன்று இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். ஸ்கேன் என்ற சொல் வண்டியில் மூன்றாவது ஆளாகக் கூட வந்தது. ஏதாவது ஆகிவிட்டால் வேலை என்னாகும், ஹாஸ்டலில் படிக்கும் மகள் சங்கவிக்கு எப்படிச் சொல்வது என்று அவன் வரிசையாக யோசித்தான். யோசிக்க யோசிக்கப் பயம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அடுத்த நாள் கலையரசி கல்யாண ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மாலையோடு நின்ற இருபத்தாறு வயது கோபிநாத்தின் தலை, ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. அவனுக்கு வலது பக்கம் கலையரசி நின்றிருந்தாள்.

"ஸ்டுடியோக்காரரு, தலைய நேரா வைங்க மாப்ளன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றாள் கலையரசி. "எனக்கு மனசே சரியில்ல. என்னைப் புடிக்காமத்தான் அந்தாண்ட சாஞ்சிக்கிறாருன்னு நெனச்சேன்."

கோபிநாத் அவளைத் திரும்பிப் பார்த்தான். "இத நீ சொன்னதே இல்லியே."

"எப்டிக் கேக்கறது? ஒரு வருசம் அப்டியே நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் சங்கவி பொறந்தா, மறந்துட்டேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஆல்பத்தை மூடினார். வலது கண்ணைத் திருப்பும் தசைகளில் ஒன்று பிறவியிலேயே கொஞ்சம் வலு குறைந்தது என்றார். இத்தனை நாள் கழுத்து சாய்ந்து சமாளித்திருக்கிறது, வயது ஏற ஏறச் சமாளிக்க முடியவில்லை. ஸ்கேன் தேவையில்லை. பிரிசம் வைத்த கண்ணாடி எழுதித் தருகிறேன், படி ஒன்றாகத் தெரியும் என்றார்.

கண்ணாடி போட்ட முதல் வாரம் தரை மேடாகத் தெரிந்தது. இரண்டாம் வாரம் டேங்கிலிருந்து கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை எடுத்த கடல் படத்துக்கு அந்த எண் இரண்டு காட்டியது. கண் சரியானாலும் கழுத்துக்குப் பழக்கம் விடவில்லை.

முப்பது நாள் முடிந்தபோது மூன்றாவது சாஃப்ட்வேருக்கே பணம் கட்டினான். வீராயியின் படத்தை ஆறு டிகிரி திருப்பியதில் ஓரங்கள் வெட்டுப்பட்டுப் படகின் மூக்கு போய்விட்டது. அதனால் கண்ணாடியோடு மறுபடி போய் எடுத்துக் கொடுத்தான். அவள் படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கூறு நெத்திலியைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

முத்துவேல், "அண்ணே, எத வாங்குனீங்க? நானும் வாங்கலாம்னு பாக்கறேன்" என்று கேட்டான்.

"மொதல்ல சும்மா ஓட்டிப் பாரு. உன் பழைய படத்த அழிக்குதான்னு பாரு. அழிச்சா வேணாம்" என்றான் கோபிநாத்.

ஒரு மாலை கலையரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய படங்கள் திரையில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் ஒரேயடியாக நேராக்கும் பொத்தானும் அதில் உண்டு என்று அவளுக்குக் காட்டினான்.

"அப்ப எல்லாத்தையும் நேராக்கிடலாமே?"

கோபிநாத் முதல் வருஷப் படங்கள் வரை வரிசையை நகர்த்திப் பார்த்தான்.

"வேணாம். எனக்கு அப்பல்லாம் இப்டித்தான் தெரிஞ்சிது" என்றான்.

கலையரசி அவன் கையிலிருந்து மௌஸை வாங்கி, வரிசையில் இருந்த ஒரு நாய் படத்தைக் காட்டி, இதை எப்படிப் பெரிதாக்குவது என்று கேட்டாள். அவன் காட்டினான்.