நல்ல காலின் அளவு

டெக்ஸ்டரின் இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து, அறுத்துத் தைத்து, பதினொரு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை கூடைப்பந்துத் தொடரின் முதல் ஆட்டம். அவன் ஆடலாமா, கூடாதா என்று வியாழக்கிழமை மத்தியானம் ஜோவனி சொல்ல வேண்டும். ஜோவனி பிசியோ.

முறை சுலபமானது. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலால் முன்னால் தாவி, அதே காலில் இறங்கி, இரண்டு நொடி ஆடாமல் நிற்க வேண்டும். குதிகால் விழுந்த இடத்தில் சாக்பீஸ் கோடு. கோடுவரை டேப். காலுக்கு மூன்று வாய்ப்பு, நல்ல காலுக்கு முதலில். நல்ல கால் தாண்டியதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது அறுத்த கால் தாண்டினால் கையெழுத்துப் போடலாம்.

எட்டு மாதமாக ஜோவனி அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தான். எண் இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை. மனைவி ரோசெல் டெங்குவில் போய் எட்டு மாதம். காலையில் சட்டை மாற்றும்போது துக்கத்துக்காக நெஞ்சில் குத்தும் கறுப்புத் துணித்துண்டையும் மாற்றிக் குத்துவான். வருஷம் முடியும்வரை குத்த வேண்டும். இன்னும் நாலு மாதம். அதற்குமேல் அதைப் பற்றி அவன் யோசிப்பதில்லை.

ரோசெலும் பிசியோதான். இதே அறை, எதிர் மேசை. அடிபட்டு வருகிறவர்களின் முதல் அளவை அவள் எடுப்பாள், கடைசி அளவை இவன் எடுப்பான். அவளுடைய மேசைமேல் இப்போது ஐஸ் பெட்டிகளை வைத்திருந்தார்கள்.

டெக்ஸ்டரைப் பைக்கில் கொண்டுவந்து விட்ட நோனோய், அதே அணிக்காரன், சுவரில் சாய்ந்து பொரித்த பன்றித்தோல் மென்றுகொண்டிருந்தான்.

“அண்ணே, தரையில கொஞ்சம் பவுடர் தூவி விடுங்க. வழுக்கிக்கிட்டே ஹார்பர் வரைக்கும் போயிருவான்.”

“மூடுறா,” என்றான் டெக்ஸ்டர், சிரித்துக்கொண்டே. “நான் வந்தா உன் இடம்தான் போகும்.”

“என் இடமா? பெஞ்சுல ஓரத்துல இருக்கு. ஃபேன் காத்து நல்லா வரும், எடுத்துக்க.”

டெக்ஸ்டர் அதற்கும் சிரித்தான். வந்ததிலிருந்தே எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தான்.

வலது கால். நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்பது. நூற்று ஐம்பது.

இடது கால். நூற்று முப்பத்தாறு. நூற்று முப்பத்தொன்பது. மூன்றாவது தாவலில் பல்லைக் கடித்து, இறங்கியதும் உடம்பு முழுக்க நடுங்க, இரண்டு நொடி நின்றுவிட்டான். நூற்று நாற்பத்தொன்று.

ஜோவனி கணக்குப் போட்டான். தொண்ணூற்று நாலு.

“பாஸ்!” என்று நோனோய் கத்தினான். “இன்னிக்கு பன்னி இவன் செலவுடா!”

ஜோவனி படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தான். கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டான். தேதி என்ன என்று சுவரில் காலண்டரைப் பார்க்க நிமிர்ந்தபோது தரை கண்ணில் பட்டது.

இடது காலின் மூன்று கோடுகளும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. வலது காலின் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முழு மூச்சோடு தாவுகிறவனுக்குக் கோடுகள் அப்படி விழாது. வலது கால் இறங்கியபோது சத்தமே வரவில்லை என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எண்பத்தெட்டுக் கிலோ ஆள். பூனை குதித்த மாதிரி இறங்கியிருந்தான்.

பேனாவை மூடினான்.

“என்னண்ணே?”

“வலது காலுக்குப் பழைய அளவு ஒண்ணு இருக்கும்.”

டெக்ஸ்டரின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. “பழசு எதுக்குண்ணே? அதான் இப்ப எடுத்தாச்சே.”

முதல் அளவுத் தாள்கள் எதிர் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தன. எட்டு மாதமாக யாரும் அதைத் திறக்கவில்லை. ஐஸ் பெட்டி ஒன்று வழியை அடைத்திருந்தது. ஜோவனி அதைத் தூக்கிக் கீழே வைத்தான். இழுப்பறை இறுகியிருந்தது. இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

டெக்ஸ்டர் பின்னாலேயே வந்தான். “அண்ணே, சனிக்கிழமை நான் இறங்கலேன்னா என் இடத்துக்கு அந்த மண்டாவேக்காரப் பயல எடுத்துருவாரு கோச். அப்புறம் இந்த வருஷம் எனக்கு இல்ல. முட்டி நல்லாத்தான் இருக்கு. வலியே இல்ல. ஒரு கையெழுத்துதானே.”

ஜோவனி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“ரோசெல் அக்கா இருந்தா போட்டிருக்கும்.”

நோனோய் மெல்லுவதை நிறுத்தினான். “டேய், அத எதுக்கு இழுக்குற.”

தாள் கிடைத்தது. ரோசெலின் சாய்ந்த எழுத்து. வலது கால், நூற்று எண்பத்தெட்டு. பக்கத்துக் கட்டத்தில் குறிப்பு. ஜோவனி படித்தான். பிறகு டெக்ஸ்டரிடம் நீட்டினான்.

‘இவன் சிரிச்சா பயந்திருக்கான்னு அர்த்தம். கடைசி டெஸ்ட்ல நல்ல கால அடக்கிக் குதிச்சு ஏமாத்துவான். ஜோ, பாத்துக்க.’

டெக்ஸ்டர் இரண்டு முறை படித்தான். நோனோய் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

“எல்லாருமே பண்றதுதான்,” என்றான் டெக்ஸ்டர் கடைசியாக, தரையைப் பார்த்து.

“தெரியும். வலது கால் இன்னொரு தடவ. ஒழுங்கா.”

இந்த முறை பாதம் தரையில் அறைந்தது. கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. நூற்று எண்பத்துமூன்று. ஜோவனி எழுதினான். எழுபத்தேழு.

“சனிக்கிழமை ரீபவுண்டுக்கு எகிறுவ,” என்றான் ஜோவனி. “இறங்குறப்ப மறுபடி கிழியும். ரெண்டாவது தடவ கிழிஞ்சவங்கள்ல திரும்பி ஆடுனவங்க எத்தன பேரு, உனக்கே தெரியும்.”

பாதி போட்டிருந்த கையெழுத்தை அடித்துவிட்டு ஜோவனி வேறு படிவம் எடுத்தான். போனில் கோச் தாம்புஸைக் கூப்பிட்டான்.

“எழுபத்தேழா? போன வாரம் என் கண்ணு முன்னால டங்க் போட்டான்யா!”

“ரெண்டு கால்ல போட்டிருப்பான், கோச்.”

“உனக்கு ஈரமே கிடையாதா? அந்தப் பையன் பதினொரு மாசமா நாய் மாதிரி உழைச்சிருக்கான்.”

“எழுபத்தேழு, கோச்.”

கோச் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கேட்டது. முடிந்ததும் ஜோவனி போனை வைத்தான்.

டெக்ஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து முட்டித் தழும்புக்குப் பக்கத்தில், மரத்துப்போய்த் தொட்டால் தெரியாத இடத்தில், விரலால் தட்டிக்கொண்டிருந்தான். “இன்னும் எவ்வளவு நாளு?”

“ரெண்டு மாசம். ஒழுங்கா வந்தா.”

“வருவானான்னு தெரியல,” என்றான் நோனோய். “நான் வேணா சாக்குல கட்டிக் கொண்டாரேன்.”

“திங்கட்கிழமை ஏழு மணி,” என்றான் ஜோவனி.

டெக்ஸ்டர் தலையாட்டவில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கதவுவரை போனான். அங்கே நின்றான்.

“அக்கா வேற ஏதாவது எழுதிருக்கா?”

“உன்னப் பத்தி அவ்வளவுதான்.”

அவர்கள் போனபின் ஜோவனி தாளைத் திருப்பினான். பின்பக்கம் மூலையில், அவசரமாக: ‘வர்றப்ப பூசோ ஆறு.’ சாமான் சீட்டு எழுத அவளுக்குத் தனியாகக் காகிதம் கிடைத்ததே இல்லை. அன்று வாங்கினானா, மறந்தானா என்று யோசித்துப் பார்த்தான். நினைவில்லை. ஈரத்துணியால் தரைக்கோடுகளைத் துடைத்தான். ஏழும் போயின.

சாயங்காலம் மபோலோ முனையில் பைக்கை நிறுத்தினான். சுட்ட இறைச்சிக் கடையில், ஓலைப்பின்னலில் அவித்த சோற்றுப் பொட்டலங்கள் கொத்தாகத் தொங்கின.

“எத்தன பூசோ, தம்பி?” கடைக்காரி அவன் நெஞ்சிலிருந்த கறுப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஆறு.”

“வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்களா?”

“இல்ல.”

அவள் கொத்திலிருந்து ஆறை அறுத்துக் கொடுத்தாள். இரண்டைத் தின்றான். நாலை அடுப்படி ஆணியில் மாட்டினான். சனிக்கிழமை காலையில் அவை புளித்திருந்தன.

அன்று சாயங்காலம் அணி பதினொரு புள்ளியில் தோற்றது. மண்டாவேக்காரப் பயல் நன்றாக ஆடினான் என்று நோனோய் போனில் செய்தி அனுப்பியிருந்தான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஜோவனி கதவைத் திறந்தபோது டெக்ஸ்டர் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை.