பின்னாடி தேவைப்படும்

அண்ணனுக்கு எதையும் தனக்கென்று செலவழிக்க மனசு வராது. கஞ்சன் என்று சொன்னால் பாவம். அடுத்தவருக்கு என்றால் அள்ளிக் கொடுப்பான். தனக்கென்று வரும்போதுதான் கை மூடிக்கொள்ளும். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் மிஞ்சிய திருகாணி, வாஷர், ஒயர்த் துண்டு என்று வீட்டு அலமாரியெல்லாம் நிறைந்து கிடக்கிறது. தங்கை ஆசையாக வாங்கித் தந்த சட்டையைப் பிரிக்காமலே வைத்திருந்து, கடைசியில் எடுத்துப் போட்டபோது வயிறு இடம் விடவில்லை, பொத்தான் பூட்ட முடியவில்லை. ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்."

அந்த மனுஷனுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, இடக்கையில் இரண்டு ஊசி செருகி, இயந்திரம் இரத்தத்தைக் கழுவித் தரும்வரை மதியம் முழுக்கக் கிடக்க வேண்டும். கை அசைந்தால் இயந்திரம் கத்தும். சிஸ்டர் அதைவிடச் சத்தமாகக் கத்துவார். சும்மா இருப்பது சுகம் என்பதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கும். ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கட்டும், தெரியும்.

துணைக்கு வருபவள் தங்கை. செருப்புக் கடையில் காலை ஷிஃப்ட் முடித்து நேரே வந்துவிடுவாள். நாற்பதைத் தொடப்போகிறவள், ஆனாலும் அவனுக்கு அவள் பாப்பாதான். கேட்டுக் கேட்டு வார்டு முழுக்க அதுவே பெயராகிவிட்டது. அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடப்பது பொறுக்காமல், ஒரு நாள் தன் மகளின் வீடியோ கேம் கருவியை எடுத்து வந்தாள். நடுவில் திரை, இரு ஓரத்திலும் பொத்தான்கள். அந்த ஓரங்கள் தனியாகக் கழன்று வரும். திரையைக் கட்டில் மேசையில் சாய்த்து வைத்தாள். வல ஓரத்தை அண்ணன் கையில் கொடுத்தாள். இட ஓரம் அவளுக்கு. வெட்டுவதும் தடுப்பதும் வலப்பக்கம். நடப்பதும் ஓடுவதும் மருந்து குடிப்பதும் இடப்பக்கம். ஆக, ஒரே வீரனுக்குக் கை அண்ணன், கால் தங்கை.

மலை, காடு, ஆறு என்று பரந்து கிடக்கும் உலகம் அது. எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம், கேட்பாரில்லை. ஆரம்பத்தில் படாத பாடு. அவன் வாளை ஓங்கும்போது அவள் வீரனைக் குளத்துக்குள் நடத்திப் போயிருப்பாள். நான் சண்டைக்கு வந்தால் நீ குளிக்கக் கூட்டிப் போகிறாயே என்று அலுத்துக்கொள்வான். பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். பழக்கதோஷத்தில் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்பார்.

போகப் போகக் கையும் காலும் ஒத்துப்போயின. ஓநாய், வழிப்பறிக்காரன் எல்லாம் தூசி. வழியில் சிவப்பு மருந்துக் குப்பிகள் கிடைத்தன. ஒன்றைக் குடித்தால் போன தெம்பு திரும்பும். வீரன் அடிபடும்போதெல்லாம் குடிக்கட்டுமா என்று கேட்பாள். வேணாம், பின்னாடி தேவைப்படும் என்பான். காயத்தோடு நொண்டி நொண்டிச் சத்திரம்வரை நடந்து, தூங்கி எழுந்து ஆற்றிக்கொள்வார்கள். பை மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

பிறகு ஒரு மரப்பாலம் வந்தது. கடந்து வந்த மற்றப் பாலங்களைப் போலத்தான் இருந்தது. அதே புல், அதே குருவிச் சத்தம். பாதிப் பாலம் போனதும் அக்கரையில் இருந்த பாறை எழுந்து நின்றது. பாறையா அது! கதாயுதம் தூக்கிய ராட்சதன். ஒரே அடி, வீரன் போய்ச் சேர்ந்தான். செத்தவனை விளையாட்டு அதே பையோடு மறுபடி எழுப்பிவிடும். இவ்வளவு நாளும் நாய்க்குட்டியாக அனுப்பிவிட்டுத் திடீரென்று யானையை அனுப்பினால் என்ன நியாயம் என்று கண்டக்டர் கேட்டார்.

இந்த விளையாட்டுகள் அப்படித்தான் என்றாள் பாப்பாவின் மகள். வேறு பக்கம் சுற்றிப் பலம் சேர்த்துக்கொண்டு திரும்ப வர வேண்டும், முட்டிக்கொண்டே நிற்கக் கூடாது. அதையும் செய்தார்கள். நல்ல வாள், நல்ல கவசம். இப்போது ஒரே அடியில் சாகவில்லை, மூன்றாவது அடியில் செத்தான். இரண்டாவது அடி விழுந்ததும் அவள் கேட்டாள், குடிக்கட்டுமா என்று. இவனே இப்படியென்றால் இவனுக்குப் பின்னால் வருகிறவன் எப்படி இருப்பான், அப்போது வேணும் என்றான் அண்ணன்.

அந்த வாரமே அது நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் கண் செருகிப்போனான். பிரஷர் அதலபாதாளத்துக்கு விழுந்திருந்தது. சிஸ்டர் ஓடி வந்து தலைமாட்டைத் தாழ்த்தினார், இயந்திரத்தை நிறுத்தினார், இன்னொருவரைக் கூப்பிட்டார். பாப்பா கையில் அந்த இட ஓரத்தைப் பிடித்தபடி, எதை அமுக்குவது என்று தெரியாதவளாக நின்றாள்.

அவன் கண் விழித்த பிறகு டாக்டர் அண்ணியையும் பாப்பாவையும் அழைத்துப் பேசினார். இதயம் தளர்ந்துவிட்டது, இனி இயந்திரத்தையே நம்பியிருக்க முடியாது, மாற்றுச் சிறுநீரகம் வைத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அண்ணியுடையது பொருந்தாது என்று முன்பே தெரியும். பாப்பாவுடையது பொருந்தும் என்பதும் தெரியும். பாப்பா தயார், அவள் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். குறுக்கே நின்றவன் அண்ணன் ஒருவன்தான். அண்ணி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். ம்ஹூம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"அது அவகிட்டயே இருக்கட்டும்," என்றான். "அவளுக்குப் பின்னாடி தேவைப்படும்."

அடுத்த முறை பாப்பா வந்ததும் வராததுமாகக் கருவியை எடுத்தாள். திரையைச் சாய்த்து வைத்தாள், வல ஓரத்தை அவன் கையில் கொடுத்தாள், வீரனை நேரே பாலத்துக்கு நடத்தினாள். அன்று அண்ணன் நன்றாகவே வெட்டினான். ராட்சதனுக்குப் பாதி உயிர் போயிருந்தது. வீரனுக்கோ நூலளவுதான் மிச்சம்.

"குடிக்கட்டுமா அண்ணா?"

"வேணாம்."

கதாயுதம் இறங்கியது. வீரன் விழுந்தான். அவன் தோள்பை அவிழ்ந்து, சிவப்புக் குப்பிகள் பலகைமேல் உருண்டு ஓடின. ஒவ்வொரு முறை செத்தபோதும் அப்படித்தான் உருண்டிருக்கும். இதுவரை அவள் கவனித்ததில்லை.

இட ஓரத்தைப் போர்வைமேல் வைத்துவிட்டாள். "பாத்தியா? பை நிறைய மருந்த வச்சிக்கிட்டே செத்துக் கெடக்கறான்."

அவளுக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனைக்கூட மன்னிக்கலாம். இவன் அலையக்கூட இல்லையே, வேண்டாம் என்று படுத்தல்லவா கிடக்கிறான்!

"எனக்குப் பின்னாடி தேவைப்படும், தேவைப்படும்ங்கிறியே," என்றாள். "பின்னாடி எனக்கு நீ தேவைப்படுவ அண்ணா. அத யோசிச்சியா?"

கண்டக்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் கண்ணை மூடினான். தூங்குவதுபோல நடிக்கிறான் என்று நினைத்தாள். இமையோரம் நனைந்திருந்தது. இயந்திரம் தன்பாட்டில் இரத்தத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவன் வலக்கை மட்டும் நகர்ந்து, போர்வைமேல் கிடந்த இட ஓரத்தை அவள் பக்கமாகத் தள்ளியது.

மறுபடி பாலம். முதல் அடி விழுந்தது.

"குடி," என்றான். காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாக.

இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அவள் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. விரல் தடுமாறி வேறெதையோ அமுக்கிவிட்டது. பட்டப்பகலில் வீரன் நிதானமாகத் தீப்பந்தம் ஏற்றினான். அடுத்த அடியில் செத்தான்.

"பழக்கமில்ல," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"எனக்கும்தான்," என்றான் அண்ணன்.

திரும்பவும் நடந்தார்கள். அடி விழுந்தது, குடி என்றான், குடித்தாள். வெட்டினான். திரும்ப அடி, திரும்பக் குடி. ராட்சதன் சாகவில்லை, ஆனால் முதல்முறையாக ஓர் எட்டுப் பின்னால் வைத்தான். அதற்குள் அன்றைய நேரம் முடிந்து இயந்திரம் மணியடித்தது. பாப்பா விளையாட்டை அப்படியே நிறுத்தி வைத்தாள்.

சிஸ்டர் வந்து ஊசிகளை உருவினார். ஊசி இருந்த இடத்தில் பஞ்சை வைத்து வலக்கையால் அழுத்திக்கொண்டே அண்ணன் கேட்டான்.

"ரொம்ப வலிக்குமா பாப்பா, உனக்கு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "வலிக்கும்," என்றாள்.

அவன் பஞ்சை எடுத்துப் பார்த்தான், இரத்தம் நிற்கவில்லை, மறுபடி அழுத்தினான். பிறகு சிஸ்டரை நிமிர்ந்து பார்த்தான்.

"டாக்டர் இருக்காரா சிஸ்டர்? இருந்தா கொஞ்சம் வரச் சொல்லுங்க. அப்படியே, வெளியே என் வீட்டுக்காரி உக்காந்திருப்பா, அவளையும் கூப்பிடுங்க."