முப்பதாவது பெயர்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஆசிரியர்களைத் தன் அறையில் உட்கார வைத்து ஆளுக்கொரு முழுத்தாள் கொடுப்பார். வருடா வருடம் நடக்கிற சடங்கு. தாளில் அவரே ஸ்கேல் வைத்துப் போட்ட மூன்று கட்டங்கள். முதலாவது ‘இந்த ஆண்டு இலக்கு.’ இரண்டாவது ‘செய்தது.’ மூன்றாவது ‘நிறைவேறியதா?’ முதல் கட்டத்தை அன்றைக்கே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மற்ற இரண்டும் ஏப்ரலில், ஆய்வாளர் வந்து உட்காரும்போது. அதுவரை தாள்களெல்லாம் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கும்.

இரண்டாம் வகுப்பு ராஜாம்பாள் டீச்சர் எட்டு வருடமாக ‘வகுப்பறைத் தூய்மை’ என்றே எழுதி வந்தாள்.

“பெருக்கித் தள்ளுனா இலக்கு முடிஞ்சிது. உனக்கு இன்னும் வெவரம் பத்தல செல்வாம்பா” என்று பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

செல்வாம்பாள் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். அதற்குள் கிருஷ்ணசாமியே வாயைத் திறந்தார்.

“நாலாம் வகுப்பு ஆ பிரிவுக்கு நானே சொல்லிடறேன். ஒரு பேரும் அடிபடக் கூடாது. அதான் இலக்கு. எழுதுங்க டீச்சர்.”

காரணம் எல்லோருக்கும் தெரியும். முப்பது பிள்ளைகள் இருந்தால்தான் ஆ பிரிவு தனியாக நடக்கும். ஒரு தலை குறைந்தாலும் அதை அ பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு பள்ளியில் ஒரு ஆசிரியர் அதிகப்படி. கடைசியாகச் சேர்ந்தவரைக் காரைக்காலுக்குத் தூக்கிப் போடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் செல்வாம்பாள். சாரம் பகுதியில், ஒற்றை அறை வீட்டில், மில் வேலை பார்த்த அவள் புருஷன் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுத்திருந்தார். காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். மாலையில் போய்த் திருப்பிப் படுக்க வைப்பாள். காரைக்காலிலிருந்து இதைச் செய்ய முடியாது.

வருகைப் பதிவேட்டில் அவளுக்குச் சரியாக முப்பது பெயர்.

‘ஒரு பெயரும் நீக்கப்படாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“போன்” என்றார் கிருஷ்ணசாமி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்தவர். மனசு நிறைந்தால் ‘நல்லது’ என்று சொல்ல மாட்டார், ‘போன்’தான்.

முப்பதாவது பெயர் சின்னப்பாப்பா. குருசுக்குப்பத்துப் பெண், ஒன்பது வயது. அவள் அப்பன், அம்மாவாசை என்று பேர், போன மழைக்காலத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. ஆடி பிறந்ததும் சின்னப்பாப்பா வகுப்புக்கு வருவது நின்றது.

நான்காம் நாள் செல்வாம்பாள் குப்பத்துக்கே போனாள். சின்னப்பாப்பாவின் அம்மா அஞ்சலாட்சி, குடிசை வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐஸ் கொட்டாய்க்குப் போவுது டீச்சர். கட்டிய ஒடைக்கற எடத்துல அள்ளிப் போடுற வேல. மத்தியானம் சோறு போட்டுடறாங்க.”

“படிக்கிற புள்ளைய இப்படி அனுப்பலாமா அஞ்சலாட்சி?”

“அனுப்பக் கூடாதுதான். கீழ ரெண்டு கெடக்குது. அதுங்க வாய்க்கு நீங்க ஒரு வழி சொல்லுங்க, நாளைக்கே அனுப்புறேன்.”

செல்வாம்பாள் மணலில் உட்கார்ந்திருந்த இரண்டு சின்னப் பிள்ளைகளையும் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

தொடர்ந்து ஒரு மாதம் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும் என்பது விதி. வந்த பிள்ளைக்கோ காலைக்கு ஒரு சாய்வுக் கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கமாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி விழுந்தால் அந்தப் பிள்ளை அன்று முழுநாளும் வந்தது என்று அர்த்தம். முதல் பொய்க் கோட்டைப் போட்டபோது செல்வாம்பாள் இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டாள். மறுநாளும் மறைத்துக்கொண்டாள். தினம் தினம் இந்த மறைப்பு எதற்கு என்று, திங்கட்கிழமை காலையிலேயே சின்னப்பாப்பாவின் வரியில் வெள்ளி வரைக்கும் பெருக்கல் குறிகளைப் போட்டு முடிக்க ஆரம்பித்தாள். அப்புறம் வாரம் முழுக்க அந்த வரியைப் பார்க்க வேண்டியதில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்குக்கு நாற்பத்தெட்டு மார்க்கும் போட்டாள். அதிகம் போட்டால் கண்ணை உறுத்தும்.

ஒருநாள் மாலை கடற்கரைப் பக்கமாக நடந்து போனபோது ஐஸ் கொட்டகை வாசலில், இடுப்பில் கோணியைச் சுற்றிக்கொண்டு சின்னப்பாப்பா நின்றாள். “டீச்சர்! டீச்சர்!” என்று ஈரக் கையை ஆட்டினாள். செல்வாம்பாள் குடையைச் சாய்த்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

ஐப்பசி முதல் வாரம். வியாழக்கிழமை காலை, பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் பெஞ்சு குஞ்சம்மாள் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நேத்து சின்னப்பாப்பாவுக்குக் கை போயிடுச்சி டீச்சர். ஐஸ் மிஷின் இழுத்துடுச்சி. எங்க மாமாதான் துணியில சுத்தித் தூக்கினு போச்சி.”

“எந்தக் கை?” என்று கேட்டாள் செல்வாம்பாள். ஏன் அதைக் கேட்டோம் என்று பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

“சோத்துக் கை டீச்சர்.”

பதிவேடு மேஜைமேல் விரிந்து கிடந்தது. நேற்று, புதன்கிழமை, சின்னப்பாப்பாவின் வரியில் அழகான ஒரு பெருக்கல் குறி.

பத்தரை மணிக்குக் கிருஷ்ணசாமி ஆள் விட்டார். பதிவேட்டையும் கொண்டு வரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

“ஐஸ் கொட்டாய்க்காரர் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்காரு. அந்தப் பொண்ணு எங்கிட்ட வேலையே பாக்கல, ஸ்கூல்ல படிக்கிற பொண்ணு, பதினொரு மணி இன்டர்வெல்ல வெளையாட ஓடியாந்து மிஷின்ல கைய வுட்டுடுச்சின்னு. சாயங்காலம் போலீஸ் வந்து ரிஜிஸ்தரைப் பாப்பாங்க. எங்க, காட்டுங்க.”

பார்த்தார். விரல் புதனைத் தாண்டி நகர்ந்து நின்றது. நிமிர்ந்தார்.

“ஆஸ்பத்திரியில கெடக்கறவ இன்னிக்கு ரெண்டு வேளையும் வந்திருக்கா. சரி. நாளைக்குமா வந்துட்டா?”

செல்வாம்பாள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சார்... இதையே காட்டிடலாம் சார். பாத்தாலே பொய்க் கோடுன்னு தெரிஞ்சிடும். அவ இங்க வரலன்னு நானே சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. அப்புறம் நீங்க சஸ்பெண்டு. இலக்கு கொடுத்த நானும் சஸ்பெண்டு. ஆ பிரிவு போவும். உங்க வீட்டுக்காரருக்குக் கஞ்சி யாரு ஊட்டுவா, நீங்களே யோசிச்சிக்குங்க.” அலமாரியைத் திறந்து புதுப் பதிவேடு ஒன்றை எடுத்து வைத்தார். “ஜூன்லேர்ந்து எறக்கிடுங்க. புதன்கிழமை காலைக்கு ஒரு கோடு மட்டும். மதியம் ஆப்சென்ட். அதுக்கப்புறம் ஆப்சென்ட்.”

கதவுக்கு வெளியே பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். செல்வாம்பாள் சாமான் அறையில் சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, முப்பது பிள்ளைகளின் நான்கரை மாதத்தை மூன்றரை மணிக்குள் நகலெடுத்தாள். ஒரே மையாகத் தெரியாமலிருக்க இரண்டு பேனா மாற்றினாள். சாயங்காலம் வந்த போலீஸ் ஏட்டு இரண்டு நிமிடம் பார்த்தார், தேதியைக் குறித்துக்கொண்டார், டீ குடித்தார், போனார். பழைய பதிவேடு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள். தலை வாரவில்லை. புடவையில் பழுப்பாக ரத்தக் கறை காய்ந்திருந்தது. தலைமையாசிரியர் அறை வாசலிலேயே செல்வாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், எம் பொண்ணு ஆடி மாசத்துலேர்ந்து ஸ்கூலுக்கே வரலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்கதான வூட்டுக்கே வந்து கேட்டீங்க? வெளையாடப் போயி கைய வுட்டுச்சாம். என்னா வெளையாட்டு டீச்சர் அது? வேலைக்கு அனுப்புனது நானு. என்ன உள்ள போடட்டும். ஆனா அந்த ஆளு எம் பொண்ணத் தெரியவே தெரியாதுன்றான். மூணு மாசம் அவன் கொட்டாயில நின்ன பொண்ண!”

உள்ளே கிருஷ்ணசாமி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நகரும் சத்தம் நின்றது.

“ரிஜிஸ்தர்ல என்னா இருக்கோ அதான் எனக்குத் தெரியும் அஞ்சலாட்சி” என்றாள் செல்வாம்பாள்.

அஞ்சலாட்சி அழவில்லை, சாபமும் விடவில்லை. பிடித்திருந்த கையை விட்டாள். அவ்வளவுதான்.

வழக்கு, விளையாட்டால் நேர்ந்த விபத்து என்று தீபாவளிக்கு முன்பே முடிந்தது.

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, முழுக்கைச் சட்டையின் வலது முனையை ஊக்கால் குத்திக்கொண்டு சின்னப்பாப்பா வகுப்புக்குள் வந்தாள். தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். ஒற்றைக் கையால் மீன் ஆய முடியாது, வலை பிரிக்க முடியாது. அவளை வேலைக்குக் கூப்பிட இனி யாரும் இல்லை. கடைசிப் பெயராகக் கூப்பிட்டதும் “உள்ளேன் டீச்சர்!” என்று கணீரென்று குரல் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அத்தனை நாளும் மருத்துவ விடுப்பு என்று கிருஷ்ணசாமி ஏற்கெனவே எழுதி வாங்கி வைத்திருந்தார்.

இடது கையால் எழுதுவது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. பலகைதான் நழுவியது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டுமே!

“டீச்சர், யாராச்சும் என் ஸ்லேட்ட புடிச்சிக்கச் சொல்லுங்க. ஓடுது டீச்சர்” என்று சிரித்தாள்.

செல்வாம்பாள் தானே பக்கத்தில் போய் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அன்று முதல் எழுத்து வேலை வரும்போதெல்லாம் அதுவே வழக்கமானது.

ஏப்ரல் வந்தது. ஆய்வாளர் தேவதாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி ஒவ்வொரு தாளாகச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார். ராஜாம்பாளின் தூய்மை இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. செல்வாம்பாளின் தாளைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“முப்பதுக்கு முப்பது! கை போன பொண்ணும் வருதாமே? கூப்பிடுங்க.”

சின்னப்பாப்பா வந்து நின்றாள்.

“கை போறதுக்கு முன்னாடி ஒழுங்கா ஸ்கூலுக்கு வந்துகிட்டிருந்தியாம்மா?”

பெண் ஒரு கணம் டீச்சரைப் பார்த்தாள்.

“தெனம் வந்தேன் சார்.”

“அன்னிக்கு மட்டும் ஏன் வெளிய ஓடின?”

“வெளையாடப் போனேன் சார்.”

தேவதாஸ் தலையை ஆட்டினார். செல்வாம்பாள் அவளை அறைக்கு வெளியே நடைக்கு அழைத்து வந்தாள்.

“ஏன்டி அப்படிச் சொன்ன? யாரு சொல்லிக் கொடுத்தாங்க?”

“எங்க அம்மாதான் டீச்சர். டீச்சரு எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லு, மாத்திச் சொன்னா இங்கேர்ந்தும் பேர அடிச்சிடுவாங்கன்னாங்க.” பிறகு பயந்துபோய், “சரியாச் சொல்லலையா டீச்சர்?” என்றாள்.

செல்வாம்பாள் உள்ளே போனாள். தன் தாளை இழுத்து மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்: ‘நிறைவேறவில்லை. சின்னப்பாப்பா ஆடி முதல் பள்ளிக்கு வரவில்லை. ஐஸ் கொட்டகையில் வேலை செய்தாள். எனக்குத் தெரியும். பதிவேட்டில் நான் போட்டது பொய்.’ தாளைத் தேவதாஸ் பக்கம் நகர்த்தினாள்.

அவர் படித்தார். கிருஷ்ணசாமியிடம் கொடுத்தார். கிருஷ்ணசாமி படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“உக்காருங்கம்மா” என்றார் தேவதாஸ். குரலில் கோபம் இல்லை. “கேஸ் முடிஞ்சி ஆறு மாசமாச்சி. ஐஸ்காரர இனிமே யாரும் கேக்கப் போறதில்ல. இத மேல அனுப்புனா என்னா ஆவும் தெரியுமா? அந்தப் பொண்ணு பேரு ஆடியிலேயே அடிபட்டிருக்கணும். அடிச்சிடுவாங்க. வருகை நாளு இல்ல, பரீட்சை இல்ல, ஒரு வருஷம் போச்சி. பிரிவும் போச்சி. நீங்க காரைக்கால் போயிடுவீங்க. அப்புறம் அந்தப் பொண்ண திரும்பச் சேக்கச் சொல்லி யாரு அலைவா? அவுங்க அம்மாவா?”

செல்வாம்பாள் ஜன்னல் வழியாக நடையைப் பார்த்தாள். சின்னப்பாப்பா இன்னும் விட்ட இடத்திலேயே நின்று, ஊக்கு குத்திய சட்டை முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வியாழக்கிழமை இருந்தது. அன்று சொல்லியிருந்தால் அது அந்தப் பெண்ணுக்குப் பயன்பட்டிருக்கும். இன்று அந்தப் பொய்யைத் தவிர அவளுக்கென்று இந்தப் பள்ளியில் வேறொன்றும் இல்லை.

கிருஷ்ணசாமி இழுப்பறையைத் திறந்தார். மூன்று கட்டம் போட்ட வெற்றுத்தாள் ஒன்று தயாராகவே இருந்தது.

அவள் முதல் கட்டத்தை எழுதினாள். பழைய தேதியைப் போட்டாள். இரண்டாவதில் ‘வீடு தேடிச் சென்று பெற்றோரைச் சந்தித்தேன்’ என்று எழுதினாள். மூன்றாவதில் ‘நிறைவேறியது.’

கிருஷ்ணசாமி பழைய தாளை நாலாக மடித்துக் கிழித்தார். இந்த முறை ‘போன்’ என்று சொல்லவில்லை.

நடைக்கு வந்ததும் சின்னப்பாப்பா ஓடி வந்தாள்.

“டீச்சர், எம் பேர அடிச்சிட்டாங்களா?”

“இல்ல.”

“அப்ப நான் பாஸா?”

“பாஸ்தான்.”

“அப்ப வாங்க டீச்சர், ஸ்லேட்ட புடிங்க. பாதிக் கணக்கு அப்படியே இருக்குது.”

செல்வாம்பாள் அவளோடு வகுப்புக்குள் போனாள். பெஞ்சில் உட்கார்ந்து, பலகையின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.