எல்லாக் கேள்விக்கும் இல்லை

காலை ஐந்தே முக்காலுக்கு, உடற்பயிற்சி கேம்ப் நடத்துகிற இளங்கோ விசில் ஊதினால், பெருமாநல்லூர் ரோட்டோரக் காலி சைட்டில் நாற்பது பேர் நாலு வரிசையாக நின்றுவிடுவார்கள். எல்லாரும் பனியன் கம்பெனி ஆட்கள். பாதிப் பேர் டெய்லர்கள், மீதிப் பேர் செக்கிங், அயர்னிங். எட்டரைக்கு ஷிப்ட். அதற்குள் ஓடிக் குதித்து வியர்த்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். நாளெல்லாம் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு இடுப்பும் வயிறும் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டமாகச் செய்தால் பாதியில் விட மாட்டீர்கள் என்று அவன் சொன்னதை நம்பி வந்தார்கள். ஆறு வாரத்தில் பலருக்கு உடம்பு நன்றாகவே இளைத்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மூன்றாவது வரிசையில் செல்லத்தாய் நடுவிலே நின்றுவிட்டாள். ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஐந்து வருஷமாகிறது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் கிறீச்சிட்டது. "மூணாவது லைன்ல யாருங்க நிக்கறது? ஒருத்தர் நின்னா லைனுக்கே மறுபடி ஒண்ணுல இருந்துங்க."

இது அவன் முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சட்டம். அங்கே ஒரு மெஷின் நின்றால் அந்த லைனே நிற்கும், டார்கெட் போர்டு எல்லாரையும் சேர்த்துத்தான் திட்டும். அதே மாதிரி ஒரு போர்டு இங்கேயும் ஒரு வேப்பமரத்தில் தொங்கியது. பின்னால் நின்ற சித்ரகலா சலித்துக்கொண்டாள். அது செல்லத்தாய் காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்ல சார். செய்யுதேன்" என்றாள்.

பதினோரு முறை குதித்தாள். பன்னிரண்டாவதில் முகங்குப்புற விழுந்தாள். சைட்டுக்கு எல்லை போட்ட கல்லில் தலை மோதிய சத்தம் நாலு வரிசைக்கும் கேட்டது.

இளங்கோ ஓடிவந்து புரட்டினான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆள் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேம்ப் நடத்துவதற்காக அவன் போன பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"சார், மூச்சு இருக்குதுங்களா?" சித்ரகலா 108-க்கு அடித்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்குது. இருக்குதுன்னுதான் நெனைக்கறேன்."

ஆம்புலன்ஸில் ஏறும்போது அவன் மறக்காமல் எடுத்துக்கொண்டது அவளுடைய செருப்பையல்ல, தன்னுடைய ஃபைலை. பயம் மனுஷனை முதலில் எங்கே ஓடவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ஃபைலில் நாற்பது பேரின் உடல்நல ஃபார்ம் இருந்தது. பன்னிரண்டு கேள்வி. நெஞ்சுவலி உண்டா, சர்க்கரை உண்டா, தினமும் மாத்திரை உண்டா. முதல் நாள் எல்லாரையும் உட்காரவைத்து இளங்கோ கேள்விகளைச் சத்தமாகப் படித்தான். ஒவ்வொன்றுக்கும் நாற்பது பேரும் ஒரே குரலில் "இல்லீங்க" என்றார்கள். அவனே வரிசையாக டிக் அடித்தான். ஏழு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால், அவனிடம் படித்த பாடம் அது. கேம்ப் தொடங்குவதற்கு முன்பு எட்டு வருஷம் அவர்களுடைய கம்பெனியிலேயே ஆடிட் பார்க்கிற அதிகாரியாக இருந்தான். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பித் தொழிலாளர்களை விசாரிப்பார்கள். அதற்கு முந்தின வாரம் இளங்கோ கேன்டீனில் ஒத்திகை நடத்துவான். நேரம் தாண்டி வேலை வாங்கறாங்களா? இல்லீங்க. பாத்ரூம் போக விடறதில்லையா? இல்லீங்க. உடம்புக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதா? இல்லீங்க. ஒரு ஆடிட்டும் ஃபெயிலானதில்லை என்பது அவனுக்குப் பெருமை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயபாரதி திரைக்குப் பின்னாலிருந்து வேகமாக வெளியே வந்தார்.

"கூட வந்தது யாரு? ஹார்ட் துடிப்பு தாறுமாறா இருக்கு, தலையிலயும் அடிபட்டிருக்கு. முன்னாடியே ஏதாவது வியாதி இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் எடுக்கறாங்களா? தெரியாம நான் ஒரு ஊசி போட்டா உள்ளே ரத்தக்கசிவாயிரும்."

இளங்கோ ஃபார்மை நீட்டினான். "ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்குதுங்க டாக்டர்."

அவர் மேலிருந்து கீழே பார்த்தார். ஒரே பேனா, ஒரே சாய்வில் பன்னிரண்டு டிக். "இது அவங்க எழுதினதா?"

"அவங்க சொன்னதுங்க."

"வீட்டுக்காரருக்கு அடிங்க."

செல்லத்தாயின் கணவன் சுடலைக்குச் சாயப்பட்டறையில் வேலை. உள்ளே போகும்போது போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று தடவையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே" என்று கூட வந்திருந்த சித்ரகலா அழ ஆரம்பித்தாள்.

இளங்கோவுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு, செல்லத்தாய் ஒரு ஆஸ்பத்திரி நோட்டோடு அவன் மேஜைக்கு வந்தாள். "சார், நெஞ்சுல வால்வு சுருங்கியிருக்குன்னு சொன்னாவ. ரத்தம் உறையாம இருக்க தெனம் ஒரு மாத்திரை திங்கேன். அதைக் கேட்டா என்ன சொல்லணும்?" அவன் நோட்டைத் திறக்கவேயில்லை. "இல்லைன்னு சொல்லிருங்கக்கா. எதுக்குங்க வம்பு" என்றான். அவளும் நோட்டை மடித்துக்கொண்டு போனாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எடையினால்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டு, சார் நடத்துகிற கேம்ப்தானே என்று நம்பி வந்து சேர்ந்தாள். முதல் நாள் அவளைப் பார்த்தபோது அவனுக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை அவன் அப்படியே தள்ளிவிட்டான்.

தெரிந்தே ஓடவிட்டாயா என்று டாக்டர் கேட்பார். அடுத்து போலீஸ் கேட்கும், சுடலை கேட்பான். கேம்ப் போகும், பேர் போகும், ஜெயில்கூட வரலாம். வாயை மூடிக்கொண்டால் கையிலிருக்கும் இந்தத் தாள் அவனைக் காப்பாற்றும். இந்தத் தாளில் எல்லாம் இல்லை என்றுதானே இருக்கிறது.

திரைக்குக் கீழே அவளுடைய வெறுங்கால் தெரிந்தது. குதிகாலில் இன்னும் சைட்டின் செம்மண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டுகிற மெஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. நர்ஸ் ஒருத்தி ஊசி மருந்தைக் கையில் எடுத்தாள்.

"டாக்டர்," என்றான் இளங்கோ. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னான். "டாக்டர், நில்லுங்க. அவங்களுக்கு வால்வு சுருக்கம் இருக்குதுங்க. ரத்தம் உறையாம இருக்கத் தெனமும் மாத்திரை. எனக்குத் தெரியுமுங்க. ஃபார்ம் பொய்யிங்க."

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் போலீஸ் அடியையே தாங்கியிருக்கலாம். "இதை வந்த உடனே சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். நர்ஸ் கையிலிருந்த மருந்து மேஜைக்குத் திரும்பியது.

அதன் பிறகு நாலு மணி நேரம் வெளியே காத்திருந்தார்கள். சுடலை வந்தான். அவனிடமும் இளங்கோ ஒன்றும் மறைக்கவில்லை. சுடலை சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். இளங்கோவுக்கு அடி விழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மத்தியானம் செல்லத்தாய் கண்ணைத் திறந்தாள். "இப்ப எங்கேயாவது வலிக்குதாம்மா?" என்று டாக்டர் குனிந்து கேட்டார்.

அவள் பார்வை கட்டிலின் கால்மாட்டில் நின்ற இளங்கோ மேல் விழுந்தது. உடனே வந்தது பதில். "இல்லீங்க."

தன் ஊர்ப் பேச்சில் 'இல்ல' என்று மட்டுமே சொல்கிறவள். அந்த 'ங்க' கேன்டீனில் அவன் பழக்கியது. சாவைத் தொட்டுவிட்டு வந்தும் அவளுக்கு அது மறக்கவில்லை. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று இளங்கோவுக்கு அப்போது தெரிந்தது.

"அக்கா," என்று அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் சொல்லிக் குடுத்தது தப்புங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அவள் அவனைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். கண்ணோரம் நீர் இறங்கியது. "வலிக்கி சார்," என்றாள். "ரொம்ப நாளாவே வலிக்கி."

திங்கட்கிழமை காலை சைட்டில் விசில் ஊதவில்லை. வேப்பமரத்தில் போர்டும் இல்லை. இளங்கோ நடந்ததையெல்லாம், நோட்டோடு அவள் வந்ததையும் சேர்த்து, எல்லார் முன்னாலும் சொன்னான். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புது ஃபார்மில் அவரவர் கையாலேயே எழுதச் சொன்னான். சித்ரகலா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். "எனக்குத் தலை சுத்துமுங்க சார். மாசத்துல ரெண்டு தடவை விழுந்திருக்கறேன். சொன்னா சேர்த்துக்க மாட்டீங்கன்னு இருந்துட்டேன்."

முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. மீதி முப்பத்தொன்பது பேரில் பதினேழு பேர் ஏதாவது ஒரு கேள்விக்கு 'ஆமாம்' என்று எழுதியிருந்தார்கள். பதினேழு பேரை ஆறு வாரம் விசில் ஊதி ஓடவிட்டிருக்கிறான். தாள்களை அடுக்கி ஃபைலில் வைத்தான்.

"டாக்டர் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் ஓட வேண்டாமுங்க," என்றான். "வலிச்சா சொல்றது குத்தமே இல்லீங்க. ஒருத்தரைச் சொல்ல விடாம வாயை அடைக்கறதுதான் குத்தம். அந்தக் குத்தத்தைப் பண்ணினது நானுங்க."